உள்பக்கம் இறைத்த பம்பு

என் தம்பி சிவசங்கர் தொடை நசுங்கிக் கட்டிலில் கிடந்தான். என் வீட்டுக்காரர் ஆதிமூலம் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஜீப்பின் விலாவில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் கிடையாது. கையால் சுற்றுகிற ட்ரில்லு. வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, நடுத் தகட்டை உளியால் தட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் தம்பி முனகினான். நான் இரண்டு கையாலும் அவன் தொடையில் கட்டிய துணியை அழுத்திக்கொண்டு, இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

திட்டுவது எனக்குப் பழக்கம். அம்சவள்ளி வாய் ஓய்ந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்குப் பயத்தில் இன்னும் ஜாஸ்தியாகவே பேசினேன்.

அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சனம் ஒரு வாரம் சாலை மறியல் செய்த நேரம். எங்கள் ஊர் கோமுகி அணைக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. கச்சிராயபாளையம் போக அணையைச் சுற்றிக்கொண்டு ஒரே ரோடுதான். அந்த ரோட்டில் இடத்துக்கு இடம் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். சிவசங்கர் பி.ஏ. முடித்துவிட்டு வருஷக்கணக்கில் அப்ளிகேஷன் போட்டுச் சலித்தவன். கோடாலியை முதலில் எடுத்தது அவன்தான். கேட்டதில் நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் மரம் வெட்டத் தெரியாதவன் மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி மரம் அவர்கள் நினைத்த பக்கம் சாயாமல் இவன் பக்கம் சாய்ந்து, கிளை ஒன்று தொடையில் இறங்கிவிட்டது.

அதே நேரம் போலீஸ் வேன் வருகிறது என்று யாரோ கத்த, கூட நின்ற ஆம்பிளைகள் எல்லாம் மலை ஏறிவிட்டார்கள். கரும்புத் தோகை உரிக்கப் போய்க்கொண்டிருந்த இருசப்பன்தான் இவனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்தான். இந்த மறியலுக்கும் இருசப்பனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மறியலால் அவனுக்குக் கூலி போனதுதான் மிச்சம்.

"நான் சுத்திக்கினு ஓடிப்போயி டாக்டராண்ட சொல்லி அந்தப் பக்கத்துக் கரைக்கு இட்டாந்துடறன்மா," என்றான். "இவரத் தூக்கிக்கினு அம்மாம் மரத்தத் தாண்டி நடந்தா, போய்ச் சேரத்துக்குள்ள ஒடம்புல ரத்தம் இருக்காது. வேற எதுனா வழி பாருங்க." சொல்லிவிட்டு ஓடினான்.

வேறு வழி தண்ணீர் வழி ஒன்றுதான். அணை நிரம்பிக் கிடந்தது. குறுக்கே போனால் அக்கரையில் டாக்டர் வந்து நிற்கலாம். ஆனால் பரிசல்கள் எல்லாம் அந்தப் பக்கம்.

எங்கள் கொட்டகையில் இருந்தது தண்ணி ஜீப். பட்டாளத்தில் ஓடி ஓய்ந்த வண்டி. தரையில் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும். அடிப்பக்கம் படகு போலத் தகடு, பின்னால் தண்ணீரைத் தள்ள ஒரு விசிறி. நைனார்பாளையத்துத் தனசேகரன் அதை ஏலத்தில் எடுத்து, என் வீட்டுக்காரரிடம் ரிப்பேருக்கு விட்டிருந்தார். இவர் சுற்று வட்டாரத்துக் கிணற்று மோட்டார் எல்லாம் பார்க்கிற மெக்கானிக். ஜீப்பின் அடித்தகட்டில் துருப்பிடித்த இடங்களைத் தார் ஊற்றி அடைத்து வைத்திருந்தார். அப்படியும் கசியும். கசிகிற தண்ணீரை வெளியே இறைக்கப் பம்பு இல்லாமல் அதைத் தண்ணீரில் இறக்கினால் நடுவழியில் ஜலசமாதிதான். அதில் இருந்த பழைய பம்பை எவனோ கழற்றி விற்றுவிட்டான்.

ஆகவே பம்பு வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்தவனும் பம்பு வைத்தவரும் அந்த வாரம் முழுக்க ஒருத்தரோடு ஒருத்தர் பேசியதில்லை. மறியலுக்கு வராமல் கொட்டகையில் ஸ்பேனர் பிடித்த மாமனை நடுத்தெருவில் "துரோகி" என்றான் தம்பி. "மரத்த வெட்டி வேல வாங்கற மூஞ்சியப் பாரு" என்றார் இவர். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்.

மண்ணெண்ணெய் இன்ஜினில் இருந்து கழற்றிய ஒரு சின்ன பம்பை ஜீப் இன்ஜினுக்குப் பக்கத்தில் முடுக்கினார். இன்ஜின் சுற்றினால் பெல்ட்டு பம்பையும் சுற்றும். உறிஞ்சுகிற குழாய் ஜீப்பின் அடித்தளத்தில். தண்ணீரை வெளியே தள்ளுகிற பச்சை ஓசுக் குழாய் பின் சீட்டு வரைக்கும் வந்து, இவர் போட்ட துளையில் முடிய வேண்டும். அந்தத் துளை இருந்த உயரத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னாங்க, ஓட்டைய இம்மாங் கீழ போடறீங்க? தண்ணி மட்டத்துக்கும் கீழ போயிடுமே?"

"அதுக்குத்தான் போடறன். வாய் கீழ இருந்தா தண்ணி ஜாஸ்தி தள்ளும். இன்னொன்னு, இந்த ரெண்டு வெரக்கட்டத் தண்ணியில புட்வால்வு வைக்க முடியாது. வால்வு இல்லன்னா பம்புக்குத் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் இழுக்க வைக்கணும். ஓட்ட தண்ணிக்குள்ள இருந்திச்சின்னா, எறங்கின ஒடனே அதுவே தண்ணி குடிச்சிக்கும். ஊத்தற வேலயே இல்ல."

கிணறு வைத்திருக்கிற எல்லோருக்கும் புட்வால்வு தெரியும். குழாயின் அடியில் இருக்கிற மூடி. மோட்டார் நின்றாலும் ஏறின தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்காமல் பிடித்துக்கொள்ளும். அது இல்லாமலே பம்பைத் தண்ணீர் குடிக்க வைக்கிறேன் என்கிறார் மனுஷன். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. கெட்டிக்காரனைத்தான் கட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சணல் நார் சுற்றி, பெயிண்ட் தடவி, சைக்கிள் டியூபை வாஷராக வெட்டிப் போட்டு அந்த வாயை இறுக்கினார். சொட்டு ஒழுகவில்லை. தம்பியின் உதடு வெளுத்திருந்தது. இருவரும் சேர்ந்து அவனைத் தூக்கிப் பின் சீட்டில் பலகை போட்டுச் சாய்த்தோம். நான் தரையில் மண்டிபோட்டு மறுபடி தொடையை அழுத்திக்கொண்டேன்.

பழைய வண்டித்தடம் ஒன்று நேராக அணைக்குள் இறங்கும். அதில் விட்டார். மூக்கு முதலில் தண்ணீரில் குத்தியது. நான் கண்ணை மூடி முனியப்பனைக் கூப்பிட்டேன். திறந்தபோது மிதந்துகொண்டிருந்தோம்.

"பம்பு இழுக்குது பாரு!" என்று கத்தினார். எட்டிப் பார்த்தேன். ஜீப்பின் விலாவுக்கு வெளியே தண்ணீருக்குள் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. அடியில் கசிந்த தண்ணீர் என் முழங்காலை நனைத்துவிட்டுக் குறைந்தது. கரை பின்னால் போனது.

"டேய் சிவா, கண்ணத் தொற. தூங்கினா செருப்பு பிஞ்சிடும். மரம் வெட்டப் போனாராம் தொர. வூட்ல ஒரு வெறகு பொளக்கத் துப்பில்ல."

"க்கா... கொஞ்ச நேரம் சும்மா இரேன்."

அவன் பதில் சொல்லச் சொல்ல எனக்கு உயிர் வந்தது. அதனால் விடாமல் பேசினேன்.

பாதிக்கு மேல் வந்துவிட்டோம். அக்கரையில் ஆட்கள் நிற்பது புள்ளியாகத் தெரிந்தது. அப்போது ஜீப்பின் பின்பக்கம் எதுவோ இழுத்த மாதிரி ஒரு வெட்டு வெட்டியது. இன்ஜின் இருமி, நின்றுவிட்டது.

பின்னால் ரப்பர் மிதவைகள் வரிசையாக எங்களை நோக்கி இழுபட்டு வந்தன. மீன் வலை. மறியல் வாரத்தில் எடுக்காமல் விட்ட நைலான் வலை, விசிறியில் சுற்றிக்கொண்டது. இவர் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்த்தார். சுற்றவே இல்லை.

இன்ஜின் நின்றதும் அணை முழுக்க ஒரே அமைதி. அந்த அமைதியில் என் காலடியில் களக் களக் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"தாரு வுட்டுப் போச்சி," என்றார் இவர். முகம் செத்துவிட்டது. குண்டானை எடுத்து மொண்டு மொண்டு ஊற்றினார். ஊற்ற ஊற்ற ஏறியது. கொஞ்சமாகக் கசிகிற தண்ணீர் இப்படி ஏறாது. எங்கிருந்து வருகிறது என்று காலால் துழாவினேன். பம்பின் உறிஞ்சுகிற குழாய் வாயில் என் கால் பட்டது. அது உறிஞ்சவில்லை. சில்லென்று தண்ணீர் என் பாதத்தை எதிர்த்துத் தள்ளியது.

எங்கள் கிணற்றில் வால்வு கெட்டுப்போன வருஷம் எனக்கு நினைவில் இருக்கிறது. குழாய் வாய் தொட்டித் தண்ணீரில் முழுகிக் கிடக்கும். கரண்ட் போன மறுநிமிஷம் நிரம்பின தொட்டி மொத்தமும் அதே குழாய் வழியாகக் கிணற்றுக்கே திரும்பிவிடும். அன்றைக்குத் தொட்டி கோமுகி அணை. கிணறு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்த ஜீப்.

"யோவ்! தாரு இல்லய்யா. உன் பம்புதான்யா தண்ணிய உள்ள வுடுது!"

"பைத்தியமா நீ? எறைக்கிற பம்பு எங்கியாவது..."

"வால்வு இல்ல. வாய் தண்ணிக்குள்ள கெடக்குது. மோட்டாரு நின்னா எங்கய்யா போவும் தண்ணி? வந்து கைய வச்சிப் பாரு!"

கையை வைத்துப் பார்த்தார். ஊர் முழுக்க எத்தனை கிணற்றுக்கு வால்வு மாற்றிய கை அது. வாயைத் தண்ணீரில் வைத்தால் தானே குடித்துக்கொள்ளும் என்று பெருமைப்பட்டாரே, அது குடித்துக்கொண்டேதான் இருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

"அய்யோ," என்றார். சீட்டுக்கடியில் கிடந்த கருக்கரிவாளை எடுத்து, தம்பியின் தலைமாட்டில் போன பச்சை ஓசுக் குழாயை அறுத்தார். துளையில் இருந்து வந்த பக்கத்தில் ஒரு முழம் விட்டு அறுத்து, அந்த முனையை மேலே தூக்கிப் பிடித்தார். கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. வெளித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே முனை இருக்கும் வரைக்கும் உள்ளே வராது. கீழே இறங்கினால் கொட்டும்.

இன்ஜின் ஓட வேண்டுமானால் வலையை அறுக்க வேண்டும். அவர் தண்ணீரில் இறங்க வேண்டும். என் கையை எடுத்தால் தம்பியின் ரத்தம் கொட்டும். ஏற்கெனவே துணி முழுக்கச் சிவப்பு.

என் வீட்டுக்காரர் அந்த வாரத்தில் முதன்முதலாக அவன் முகத்தைப் பார்த்தார். "மச்சான். இதப் புடி. கீழ மட்டும் எறக்காத."

சிவசங்கர் வாங்கிப் பிடித்தான். இவர் அரிவாளைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார்.

பிறகு ஊரே யோசனை சொன்னது. துணியை அடைத்திருக்கலாமே, சீட்டுக் கம்பியில் கட்டியிருக்கலாமே, கட்டை விரலை வைத்திருக்கலாமே என்று. கரையில் நின்று சொல்கிறவனுக்கு என்ன, வாய் வலிக்குமா? தலைக்கு மேல் வெள்ளம் வரும்போது புத்தி அவ்வளவுதான் ஓடும். எங்களுக்கு ஓடியது அது ஒன்றுதான்.

பின்னால் தகட்டில் அவர் கை தட்டுகிற சத்தமும் மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டன. நைலான் ஈரத்தில் அரிவாளுக்கு அடங்காது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். "டேய், கையத் தூக்கு. இன்னும் தூக்கு. பி.ஏ. படிச்சவன் ஒரு ஓசு புடிக்க மாட்டியா? சர்க்கார் உத்தியோகத்துல உன்ன இன்னாத்துக்குடா சேப்பாங்க?" பின்னால் இருந்து அவர் கத்தினார்: "பேசு அம்சா, வுடாத, பேசிக்கினே இரு!" நான் திட்டுகிற வரைக்கும் மச்சான் உயிரோடு இருக்கிறான் என்பது அவர் கணக்கு.

ஓசு முனை மெல்லத் தாழ்ந்தது. "சிவா!" என்றேன். ஏறியது. மறுபடி தாழ்ந்தது. கத்தினேன். கொஞ்சம் ஏறியது. மூன்றாம் தடவை என் கத்தலுக்கு அது ஏறவில்லை. கை பலகையில் விழுந்தது. அறுந்த வாயில் இருந்து தண்ணீர் என் மடியில் கொட்டியது.

இரண்டு கையும் அவன் தொடையில். எடுத்தால் அவன் போவான். எடுக்காவிட்டால் மூன்று பேரும் போவோம். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். குனிந்து ஓசு முனையைப் பல்லால் கவ்வினேன். முழு வாயும் திறந்து கடித்து, கழுத்தை நிமிர்த்தி முகத்தை வானத்துக்குத் தூக்கினேன். தண்ணீர் நின்றது. பாசி நாற்றம் தொண்டை வரைக்கும் இறங்கியது.

ஆனால் பேச முடியாது. மூக்கால் ம்ம் ம்ம் என்றேன். அது என் காதுக்கே எட்டவில்லை. தம்பி மூச்சு விடுகிறானா என்று குனிந்து பார்க்கவும் முடியாது. மேகம் மட்டும் தெரிந்தது. நான் அவன் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாமலே அவன் செத்துவிடுவான் போலிருக்கிறதே என்று நெஞ்சு வெடித்தது. தாடை வலியில் கண்ணீர் காதுக்குள் ஓடியது.

பின்னால் அரிவாள் சத்தம் நின்றது.

"அம்சா?"

நான் எப்படிப் பதில் சொல்வேன்?

"அம்சா, ஏன் சும்மா இருக்கற? எதுனா பேசு."

பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது. கல்யாணம் ஆனதில் இருந்து அந்த மனுஷன் அழுது நான் கேட்டதில்லை. "சிவா... டேய் சிவா... நான்தான்டா உன்னக் கொன்னுட்டன். ஒரு வால்வு வைக்கத் துப்பில்லாம கொன்னுட்டனேடா." அறுப்பதை விட்டுவிட்டார். தகட்டில் தலையை முட்டுகிற சத்தம் கேட்டது. ஜீப் ஆடியது. அவர் அறுக்காவிட்டால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் இல்லை.

அப்போது பலகையில் இருந்து ஒரு குரல் வந்தது. கிணற்றடியில் இருந்து வருவது போல் மெல்லிய குரல்.

"மாமோவ்... நான் சாவல. அக்கா வாயில ஓசு இருக்குது. அதான் சத்தம் இல்ல... நீ வலைய அறு."

பிறகு அரிவாள் சத்தம் கேட்டது. வெறி பிடித்த மாதிரி அறுத்தார்.

மேலே ஏறி வந்தபோது அவர் உள்ளங்கை இரண்டும் நைலான் வெட்டிக் கிழிந்திருந்தன. ஓசு முனையை என் வாயில் இருந்து எடுத்துச் சீட்டுக் கம்பியில் தன் லுங்கிக் கிழிசலால் கட்டினார். இன்ஜின் உடனே கிளம்பவில்லை. நான் எல்லாச் சாமியையும் மனசுக்குள் திட்டி முடித்த பிறகு கிளம்பியது. பம்புப் பக்கத்து ஓசில் கையாலேயே தண்ணீர் ஊற்றி நிரப்பி, முனையை ஜீப்புக்கு வெளியே மேலாகத் தொங்கவிட்டார். அது கக்கியது. பாதி முழுகின ஜீப் ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தது.

இருசப்பன் சொன்ன சொல் தவறாமல் டாக்டரோடு நின்றிருந்தான். அந்தக் கரையில் மறியலுக்கு நின்ற பையன்கள் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்து சிவசங்கரைப் பலகையோடு தூக்கினார்கள். கரைமேட்டில் படுக்க வைத்து டாக்டர் ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார், கட்டை அவிழ்த்துக் கட்டினார். கடைசியில் எங்களைப் பார்த்து, "உயிருக்குப் பயமில்ல. காலுக்கு நான் சொல்ல முடியாது," என்றார்.

கால் பிறகு போய்விட்டது. முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கரையில் எங்களுக்கு முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

இவர் என் முன்னால் வந்து நின்றார். தலையில் பாசி, நெற்றியில் தகட்டில் முட்டின வீக்கம். கிழிந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"திட்டு அம்சா," என்றார். "இன்னா சொல்லணுமோ சொல்லு. எதுனா பேசேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். தாடை பூட்டிக்கொண்டது. இந்த வாயா இத்தனை வருஷம் இவரை ஓட ஓட விரட்டியது என்று எனக்கே சிரிப்பாக வந்தது. ரத்தம் காயாத கையால் அவர் நெஞ்சில் ஒரு அடி அடித்தேன். அவர் நகரவில்லை. இன்னொன்று அடித்தேன். மூன்றாவதுக்குக் கை எழவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, ஓவென்று அழுதேன். அவரும் என்னோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.